மார்க்குக்கு மட்டுமா பிரெஞ்சு?

2006-ல் வந்த சட்டப்படி, நம் மாநிலத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். ப்ளஸ் ஒன் சேரும்போதுதான் எங்கள் கம்பம் பக்கம் ஒரு பேச்சு அடிபடும். 'தமிழ் எடுத்தா மார்க் குறையும். பேசாம பிரெஞ்சு எடு, அள்ளிடலாம்!'

என் நாத்தனார் மகளும் அப்படித்தான் பிரெஞ்சு எடுத்தாள். மார்க் 98. கோடை விடுமுறைக்கு வந்தவளை சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். நம் பன்னீர் திராட்சையே 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் தமிழகம் வந்ததாகச் சொல்வார்கள். பொருத்தமாக, தேக்கடிக்கு வந்த பிரெஞ்சுத் தம்பதி அங்கே நின்றனர். "ரெண்டு வார்த்தை பேசுடி" என்றேன். "ஐயோ அத்தை, பேசவெல்லாம் வராது. கேள்வி பதிலை மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன்" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டாள்!

இதில் இன்னொரு வேடிக்கை. இன்ஜினியரிங் கட்-ஆஃப் மார்க்குக்கு கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான். மருத்துவத்துக்கு நீட். மொழிப்பாட மார்க் இரண்டிலும் சேராது. பிறகு யாருக்காக இந்த மனப்பாடம்?

பிரெஞ்சு படிப்பது தப்பில்லை. முறையாகப் படிக்க வேண்டும். பிரெஞ்சு அரசின் 'டெல்ஃப்' தேர்வில் கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது நான்குக்கும் தலா 25 மார்க். அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ரோட்டரி சங்கத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில், 15 முதல் 19 வயதுப் பிள்ளைகள் ஒரு கல்வியாண்டு வரை வெளிநாட்டுக் குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளியில் படிக்கலாம். தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. விமானம், விசா, இன்சூரன்ஸ் செலவு நம்முடையது. அப்படி பிரான்ஸ் போகிற பெண், அந்த வீட்டு அம்மாவிடம் 'தலை வலிக்கிறது' என்று சொல்ல வேண்டாமா? மனப்பாடக் கட்டுரை அதற்கு உதவுமா?

பாரிஸில் வாழும் இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறார்கள். வார விடுமுறையில் தமிழ்ச்சோலைப் பள்ளிக்குப் போய்த் தமிழும் படிக்கிறார்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை.

தாய்மார்களே, அடுத்த முறை பிள்ளை பிரெஞ்சு எடுக்கிறேன் என்றால், 'எத்தனை மார்க் வரும்?' என்று கேட்காதீர்கள். 'பேசக் கற்றுக் கொடுப்பார்களா?' என்று பள்ளியில் கேளுங்கள். இல்லையென்றால், தமிழையே ஆசையாகப் படிக்கட்டும். பாதியில் விட்ட தமிழும், பேச வராத பிரெஞ்சும் பிள்ளைக்கு எதற்கு?

– ஓர் இல்லத்தரசி, கம்பம்.