புஜம் பெருத்தால் அழகு... இதயம் பெருத்தால்?

சாத்தான்குளம் வட்டாரத்துப் பனையேறிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உரமேறிய உடம்பு என்றால் என்னவென்று. மரம் ஏறி ஏறி வந்த உரம் அது. ஊசி போட்டு வந்ததல்ல! இன்று அந்தப் பக்கத்துப் பையன்களும் ஜிம்முக்குப் போகிறார்கள். போகட்டும், ரொம்ப நல்லது. ஆனால், ‘மூணே மாசத்துல பாடி ஏறணும்னா ஜி.ஹெச். ஊசி போடு தம்பி’ என்று யாராவது உங்கள் வீட்டுப் பிள்ளையின் காதில் ஓதினால், நீங்கள் உஷாராகிவிட வேண்டும்.

ஜி.ஹெச். என்பது வளர்ச்சி ஹார்மோன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இதைச் சுரக்கிறது. இது கல்லீரலைத் தூண்டி, ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு பொருளை உண்டாக்குகிறது. இரண்டுமாகச் சேர்ந்து தசைச் செல்களுக்கு, ‘புரோட்டீனை இன்னும் தயார் பண்ணு’ என்று உத்தரவு போடுகின்றன. இதயமும் தசைதானே! ‘நீ புஜத்துக்கு மட்டும் போ’ என்று ஊசி மருந்துக்கு விலாசம் எழுதி அனுப்ப முடியுமா, என்ன?

வளர்ந்தவர்களின் இதயச் செல்கள் எண்ணிக்கையில் பெருகுவது மிக அபூர்வம். அதனால் இருக்கிற செல்களே புரோட்டீனைச் சேர்த்துச் சேர்த்துத் தடிக்கின்றன. சுவர் தடித்த இதயம் விரிந்து கொடுக்காது. ரத்தம் சரியாக நிரம்பாது. இது வெறும் பயமுறுத்தல் இல்லீங்க. பிட்யூட்டரியில் கட்டி வந்து இந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் ‘அக்ரோமெகலி’ நோயாளிகளிடம் டாக்டர்கள் காலம்காலமாகப் பார்த்து வருவதுதான். கை, கால், தாடை பெருப்பது கண்ணுக்குத் தெரியும். உள்ளே இதயம் தடிப்பது தெரியாது.

‘அப்படியானால் பலவீனமான இதயத்துக்கு இதையே மருந்தாகக் கொடுக்கலாமே?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 1996-ல் இத்தாலியில் 7 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இதயம் நன்றாக வேலை செய்ததாகச் செய்தி வந்ததும் உலகமே துள்ளியது. 1998-ல் ஜெர்மனியில் 50 பேரை வைத்து முறையாகச் சோதித்தார்கள். இதயத் தசையின் எடை கூடியது. நோயாளியின் நிலைமையோ தேறவில்லை. சதை கூடினால் பலமும் கூடிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த முடிவை இன்னொரு தடவை படிக்கட்டும். ஆரோக்கியமான இளைஞர்களுக்கும் ஏறத்தாழ இதே கதைதான். ஊசியால் ஏறும் எடையில் கணிசமான பங்கு உடம்பில் தேங்கும் நீர்!

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஹார்மோன் குறைவாகச் சுரக்கும் குழந்தைகளுக்கு இதே ஊசி ஒரு வரப்பிரசாதம். குறையை நிரப்புவது வேறு, நிறைந்த குடத்தில் ஊற்றுவது வேறு. அந்தப் பெற்றோர் இதைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்திவிடாதீர்கள், ப்ளீஸ்! ‘உயரமாக வளர மாத்திரை’ என்ற விளம்பரங்களுக்கும் காசைக் கொட்டாதீர்கள். இந்த ஹார்மோனே ஒரு புரோட்டீன். விழுங்கினால் வயிற்றில் சாதம், பருப்போடு அதுவும் ஜீரணமாகிவிடும்.

பையன் ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் திட்டாதீர்கள். திட்டினால் மறைப்பான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ, உங்களுக்குத் தெரிந்த இதய டாக்டரிடமோ அழைத்துப் போய், எக்கோ, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அவன் வாயாலேயே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். காலி மருந்துக் குப்பி இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.