சொல்ல வெட்கப்படுற வலி

பி.காம் படிக்கிறவளுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்காதீங்க. பிரசவத்துக்கு செஞ்சிக்கு வந்திருக்கிற என் அக்காவுக்கு எட்டாம் மாசம். நாலு நாளா மலச்சிக்கல். கழிவறையில அழுதிருக்கா, அம்மாகிட்டகூட சொல்லலை.

கர்ப்பத்துல புரோஜெஸ்டிரான் குடல் அசைவை மெதுவாக்குது. வளர்ந்த கர்ப்பப்பை குடலை அழுத்துது. இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்குது. அக்கா என்ன பண்ணினா? மாத்திரையை நிறுத்திட்டா! இரத்தசோகை வராம இருக்க அரசாங்கம் 180 நாளைக்கு இலவசமா தர்ற மாத்திரை அது. இரத்தசோகையோட பிரசவத்துக்குப் போனா, இரத்தப்போக்கைத் தாங்க உடம்புல தெம்பு இருக்காது.

ஸ்கேனுக்கு திண்டிவனம் போற நாள்ல, வழியில கழிவறைக்கு எங்க போறதுன்னு தண்ணியே குடிக்க மாட்டா. அப்புறம் சிக்கல் எப்படித் தீரும்?

மாத்திரை கொடுக்கும்போதே, "மலம் இறுகலாம்மா. தண்ணி, கீரை, கொய்யா, கொஞ்சம் நடை. அப்பவும் முடியலைன்னா வந்து சொல்லு"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும்ங்கிறதுதான் என் கட்சி. பாட்டி நீட்டுற விளக்கெண்ணெய் வேண்டாம், பிரசவ வலியைத் தூண்டிடலாம்.

கடைசியில டாக்டர்கிட்ட சொன்னா. பேச்சு ரெண்டே நிமிஷம். கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிற லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தாங்க. இப்ப இரும்பு மாத்திரையும் தொடருது.

வெட்கம்தாங்க பெரிய சிக்கல்!