மூக்கு என்ன பாவம் செய்தது?

ஃபிஜித் தீவில் ஒரு காலத்தில் 'கொஞ்சம் சதை போட்டிருக்கே' என்றால் அது பாராட்டு. இளைத்துப் போனால்தான் ஊரே கவலைப்படும். (நம்ம பாட்டிகள் அங்கே ஜாம் ஜாமென்று செட்டிலாகி இருப்பார்கள்!) 1995-ல் நட்ரோகா என்ற பகுதிக்கு டி.வி. வந்தது. வந்த புதிதில், ஆன் பெக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி அங்கே பள்ளிப் பெண்களிடம் விசாரித்தார். இளைப்பதற்காகத் தின்றதை வாந்தி எடுக்கிறேன் என்று ஒருத்தி கூடச் சொல்லவில்லை. மூன்றே வருஷம். 1998-ல் மறுபடி கேட்டபோது, 11 சதவிகிதம் பேர் 'ஆமாம்' என்றார்கள்.

அது வெறும் டி.வி. ஸார். அதில் வருகிறவள் நடிகை, மேக்கப், லைட்டிங் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராமில் வருவதோ பக்கத்து பெஞ்ச் பெண். அதுவும் ஃபில்டர் போட்டு!

என் அக்கா பெண் ப்ளஸ் ஒன். செல்ஃபியை நீட்டி, "மாமா, என் மூக்கு பெரிசா?" என்றாள். "அது உன் மூக்கில்லைடி, கேமரா பண்ற வேலை" என்றேன். ஓரடி தூரத்தில் பிடித்தால், ஐந்தடியில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவிகிதம் அகலமாகத் தெரியும். 2018-ல் அமெரிக்க டாக்டர்கள் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்கள். பொறுமையாகக் கேட்டாள். "ம்... எனக்கு ராத்திரி டிபன் வேணாம்" என்று எழுந்து போய்விட்டாள். அக்கா வார்த்த தோசை ஆறிக்கொண்டிருந்தது.

கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். 2021-ல் வெளியே கசிந்த ஃபேஸ்புக் கம்பெனியின் சொந்த ஆய்விலேயே இருந்தது. உடம்பைப் பற்றி மனசு சரியில்லாத நேரத்தில் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று டீன் ஏஜ் பெண்களில் 32 சதவிகிதம் பேர் சொல்லியிருந்தார்கள். கம்பெனியோ, 'நீங்கள் அதைத் தப்பாகப் படிக்கிறீர்கள்' என்றது. நார்வேக்காரர்கள் படிப்பதோடு நிற்கவில்லை. உடம்பைத் திருத்திய விளம்பரப் படத்தில் முத்திரை போட்டாக வேண்டும் என்று 2022-லிருந்து சட்டம்.

கம்பெனியை விடுங்கள், நம்ம ஆட்களுக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸில் ஒரு பிரகஸ்பதி. பிக்னிக் போட்டோவில், "என்ன மேடம், கொஞ்சம் பூசினாப்ல இருக்கே" என்று கமெண்ட் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மையும் ஒட்டினார். அதற்கு பதினாலு லைக், எல்லாம் ஆம்பளை லைக். அதே போட்டோவில் அவருடைய தொப்பை, அவருக்கு ஒரு செகண்ட் முன்னாலேயே ஃப்ரேமுக்குள் வந்துவிட்டிருந்தது. அதைப் பற்றி ஒரு கமெண்ட் கிடையாது.

சாயங்காலம் போட்டோ காணோம். திங்கட்கிழமை லஞ்சில் அந்தப் பெண் டப்பாவைத் திறந்தார். நாலு வெள்ளரித் துண்டு.

"டயட்டா மேடம்?" என்றார் பிரகஸ்பதி, பிரியாணியை மென்றபடி.