மஞ்சள் பாலும் ஈயச் சொம்பும்



"தினமும் மஞ்சள் பால் குடித்தால் மூளையில் சேர்ந்த ஈயம் வெளியேறிவிடும்" என்று நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா என்று சிலர் தனியாகவும் கேட்டீர்கள்.

மஞ்சளில் உள்ள குர்குமின், ஈயம் கொடுத்த எலிகளின் மூளையில் சேதத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் எலிக்குக் கொடுத்த அளவு வேறு, நம் டம்ளரில் போடும் சிட்டிகை வேறு. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதிலும் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் அது 20 மடங்கு கூடும் என்று 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் கண்டார்கள். (பாட்டி பாலில் மிளகு தட்டிப் போட்டது வீண் இல்லை!) அப்படியும், உடம்பில் ஈயம் மிக அதிகமாக ஏறிய குழந்தைக்கு மருத்துவர் மஞ்சள் தருவதில்லை. ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துதான் தருகிறார்.

ஈயம் உடம்புக்குள் கால்சியம் போல வேடம் போட்டு நுழையும். கால்சியமும் இரும்பும் குறைந்த பிள்ளையின் குடல் அதைக் கூடுதலாக உறிஞ்சும். அதனால் மஞ்சள் பாலுக்கு முன்னால் கேழ்வரகுக் கூழைத்தான் நான் சொல்வேன்.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். மருந்து என்று நாம் நம்பும் மஞ்சளிலேயே, நிறம் தூக்கலாகத் தெரிவதற்காக, லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைக் கலக்கிறார்கள். பங்களாதேஷில் 2019-இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு அரவை ஆலைகளில் சோதனை போட்டது, வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது, சந்தைகளில் எச்சரிக்கை ஒட்டியது. 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை. இரண்டே வருடம்! நம் ஊர்ச் சந்தையிலும் அடிக்கடி மாதிரி எடுங்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறையைக் கேட்பதை விட்டுவிட்டு, வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, ஈயச் சொம்பு. ரசத்துக்கு அது தனி மணம்தான், மறுக்கவில்லை. அந்தச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. காரீயம் வேறு உலோகம், அதுதான் நஞ்சு. விலை குறைவு என்பதால் அதைக் கலந்துவிட்டால், புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே, இணையத்தில் புதிதாக ஈயச் சொம்பு வாங்கியவர்கள் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கும்வரை அதில் ரசம் வைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் கண்டிப்பாக வேண்டாம்.