ஈறில் ரத்தம் வருது, ஆனா வலியே இல்ல... மலை இறங்கி நிபுணரைப் பார்க்கணுமா?

கொல்லிமலை வாசலூர்பட்டியில் இருந்து நாமக்கல் போக, காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். போய் வர ஒரு நாள் ஓடிவிடும், அன்றைய கூலியும் போய்விடும். அதனால் மலைக் கிராமங்களில் பல் வலி தாங்க முடியாத கட்டத்துக்கு வந்தால்தான் கீழே இறங்குவார்கள். ஈறு நோயின் சிக்கலே இங்குதான் இருக்கிறது. அது பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

பல் தேய்க்கும்போது ரத்தம் வரும். வாய் நாற்றம் போகாது. ஈறு கீழிறங்கி பல் நீளமாகத் தெரியும். 'வயசானா இப்படித்தான்' என்று விட்டுவிட்டு, பல் ஆட ஆரம்பித்த பிறகு டாக்டரிடம் போனால், பல நேரங்களில் கிடைக்கும் பதில் 'பிடுங்கிடலாம்' என்பதுதான். சில வருடங்களுக்கு முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கக் கூடிய பல் அது.

இது மலைப்பகுதியின் பிரச்னை மட்டும் இல்லை. உலகம் முழுவதும் 100 கோடிக்கும் அதிகமானோருக்கு, அதாவது வயது வந்தவர்களில் சுமார் 19 சதவீதம் பேருக்கு, தீவிர ஈறு நோய் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு 2022-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

ஈறுக்குள் என்ன நடக்கிறது?

பல்லில் படியும் அழுக்கு சரியாகப் போகாவிட்டால் கெட்டியாகி காரையாக மாறும். அதில் தங்கும் கிருமிகளால் ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். இது முதல் கட்டம். சுத்தம் செய்து ஒழுங்காகப் பல் தேய்த்தால் முழுசாகச் சரியாகிவிடும்.

அப்படியே விட்டால் சிலருக்கு நோய் உள்ளே இறங்கும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை போல இடைவெளி விழும். பல்லைத் தாங்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. சிகிச்சையின் முதல் வேலை, இனிமேல் கரையாமல் நிறுத்துவதுதான்.

சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகவே வரும். 'எனக்குத்தான் ரத்தமே வரலையே' என்று அவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது. நோயை மறைத்து வைப்பதே அந்தப் புகைதான். வெற்றிலையோடு புகையிலையை ஒதுக்கி வைப்பவர்களுக்கு, அது படும் இடத்தில் ஈறு கீழிறங்கும்.

யார் இந்த ஈறு நிபுணர்?

பி.டி.எஸ். 5 ஆண்டு படிப்பு. அதை முடித்து ஈறு மருத்துவத்தில் மட்டும் மேலும் 3 ஆண்டு எம்.டி.எஸ். படித்தவர்தான் ஈறு நிபுணர். 'பெரியோடான்டிஸ்ட்' என்று போர்டில் எழுதியிருக்கும். எம்.டி.எஸ். என்று போட்டிருந்தாலே ஈறு நிபுணர் என்று அர்த்தம் இல்லை. வேர் சிகிச்சை, பல் சீரமைப்பு என்று அதில் பல பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவு என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

எல்லோரும் நேராக நிபுணரிடம் ஓட வேண்டியதும் இல்லை. லேசாக ரத்தம் வருகிறது, காரை படிந்திருக்கிறது என்றால் பக்கத்தில் உள்ள பல் மருத்துவரே சுத்தம் செய்துவிடுவார். சுத்தம் செய்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை, சீழ் வருகிறது, பல் ஆடுகிறது, முன்பல்லில் திடீரென இடைவெளி விழுகிறது என்றால்தான் நிபுணர் தேவைப்படுவார். 30 வயதைத் தாண்டாதவருக்குப் பல் ஆடினால் தள்ளிப்போடவே கூடாது. அந்த வயதில் வரும் ஈறு நோய் சில நேரம் வேகமாகப் பரவும்.

சர்க்கரை இருக்கா? அப்போ இது முக்கியம்

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகும். இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே போகும். ஈறுக்குச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு, 3 மாத சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு 3, 4 மாதங்களில் சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைந்ததாக 2022-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. கேட்க சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்காமல் தவிப்பவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மலைக் கிராமங்களுக்கு இது பெரிய உதவி. அதே வாசலில் நின்று, 'பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?' என்று ஒரு கேள்வி கேட்டால் பலர் முன்கூட்டியே தெரிந்துகொள்வார்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், மாத்திரை கொண்டு வருபவரிடம் நீங்களே சொல்லலாம்.

மாத்திரை பற்றி இன்னொன்று. பி.பி.க்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின், வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடாயின் இரண்டும் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். சீட்டை எடுத்துப்போய்க் காட்டுங்கள். மாற்ற வேண்டுமா என்பதை இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இப்படித்தான்.

முதல் நாள் என்ன செய்வார்கள்?

மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறு ஓரத்தில் விட்டு, ஒவ்வொரு பல்லையும் சுற்றி 6 இடங்களில் ஆழம் அளப்பார்கள். 3 மி.மீ. வரை இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. 4-க்கு மேல் போனால் கவனம் தேவை. லேசாகக் குத்துவது போல இருக்கும், அவ்வளவுதான். எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே எடுப்பார்கள். ஆழமும் அளக்காமல், எக்ஸ்ரேயும் பார்க்காமல் 'ஆபரேஷன் பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால், காரணம் கேளுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்தல். ஆழமான இடங்களில் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர் மேல் ஒட்டியிருக்கும் காரையையும் எடுப்பார்கள். 6 வாரம் முதல் 3 மாதத்துக்குள் திரும்ப வரச் சொல்லி மறுபடி அளப்பார்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். அப்போதும் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம் இருக்கும் இடங்களுக்குத்தான் ஈறைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வரும். ஆன்டிபயாடிக் மாத்திரை மட்டும் வாங்கிச் சாப்பிட்டால் காரை கரையாது.

கிளீன் பண்ணா பல் ஆடிடுமா?

ஊரில் பாதிப் பேர் டாக்டரிடம் போகாததற்கு இந்தப் பயம்தான் காரணம் என்று சொன்னாலும் நம்பலாம். எலும்பு கரைந்த பல்லைச் சுற்றி காரை சிமென்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் மறைந்திருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரியும். பல்லை ஆட வைத்தது நோய், பழி விழுவது சுத்தம் செய்த டாக்டர் மேல். சில நாள் பல் கூசும், வீக்கம் வற்றுவதால் ஈறு இறங்கியது போலவும் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பும் டாக்டர்களும் உண்டு. அந்த நோயாளி ஊருக்குப் போய்ப் பத்து பேரிடம் 'போகாதீங்க' என்பார்.

கிளம்பும் முன் ஒரு போன்

ஈறு நிபுணர்கள் பலர் தனியார் கிளினிக்குகளுக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் வந்துபோகிறவர்கள். எந்தக் கிழமை வருவார், மொத்தம் எத்தனை தடவை வர வேண்டியிருக்கும், எக்ஸ்ரே சேர்த்து எவ்வளவு ஆகும், தூரத்தில் இருந்து வருவதால் ஒரே நாளில் அதிகப் பற்களை முடிக்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிட்டால் ஒரு வீண் அலைச்சல் மிச்சம்.

முதலில் செம்மேடு அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். அரசின் 104 உதவி எண்ணிலும் கேட்கலாம். நிபுணர்களும் பயிற்சி மாணவர்களும் சேர்ந்து பார்க்கும் பல் மருத்துவக் கல்லூரிகள் நாமக்கல் மாவட்டத்திலேயே திருச்செங்கோடு வட்டாரத்தில் இருக்கின்றன. தனியார் கல்லூரிகள்தான் என்றாலும் இதுபோன்ற இடங்களில் கட்டணம் பொதுவாகக் கிளினிக்கைவிடக் குறைவு. நேரம்தான் அதிகமாகும். அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றால் சென்னை, சிதம்பரம், 2023-ல் திறந்த புதுக்கோட்டை என்று தூரம் போக வேண்டும். இத்தனை அலைச்சலைப் பார்த்துத்தான் பலர் முதல் நாளே 'பிடுங்கிடுங்க சார்' என்று அவர்களாகவே கேட்டுவிடுகிறார்கள். ஆடும் பல் எல்லாமே பிடுங்க வேண்டிய பல் இல்லை. காப்பாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

சிகிச்சை முடிந்த பிறகும் நோயின் அளவைப் பொறுத்து 3 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒருமுறை மறுபரிசோதனை உண்டு. சர்க்கரை டெஸ்டுக்கோ சந்தைக்கோ கீழே இறங்கும் நாளோடு சேர்த்து அந்தத் தேதியைக் கேட்டு வாங்குங்கள். வாயில் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலோ, காய்ச்சலோடு முகம் வீங்கினாலோ மட்டும் எந்தத் தேதிக்கும் காத்திருக்காமல் உடனே இறங்கிவிடுங்கள்.