துருவ வானைத் தரையினின்று நோக்கல்

விண்கலங்கள் உலகை இடையறாது வலம்வருகின்ற இந்நாளிலே, துருவத்துப் பனிவெளியிற் குடிலமைத்து, பல திங்கள் நீளும் இருளில் அமர்ந்து, தலைக்கு மேலுள்ள வானத்தைக் கருவிகொண்டு அளந்து கொண்டிருத்தல் வீண்செலவன்றோ என வினவுவார் உளர். இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது. துருவ நிலையமொன்றைப் பேணுதற்கு எண்ணெயும் உணவும் கப்பலிலும் விமானத்திலும் செல்லவேண்டும். ஆட்கள் உயிருக்கு அஞ்சாது செல்லவேண்டும். ஆயினும், மேல்வானத்து அலைகளை அறிதலைப் பொறுத்த மட்டில், அச்செலவு வீணன்று என்பதே என் துணிபு.

வானத்தில் அலையுண்டோ எனின், உண்டு. மலைமீது மோதிய காற்று மேலே தள்ளப்படுகின்றது; தள்ளப்பட்டது குளிர்ந்து, சூழவுள்ள காற்றினும் கனமுற்றுக் கீழே வீழ்கின்றது; வீழ்ந்தது வெம்மையுற்று மறுபடியும் எழுகின்றது. இவ்வூசலாட்டமே அலையாகி மேனோக்கிச் செல்கின்றது. புயலும் பெருங்காற்றோட்டமும்கூட இத்தகைய அலைகளை எழுப்பவல்லன. 90 கிலோமீட்டர் உயரத்திலே காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆதலின், சாட்டையின் பிடியில் எழுந்த சிற்றசைவு மெலிந்த நுனியை எய்துங்கால் பெருவீச்சாவது போல, கீழே உணரவும் இயலாத அலை, மேலே நொடிக்குப் பற்பல மீட்டர் விரைவுடைய காற்றசைவாகின்றது. எரிமீன்கள் விட்டுச்சென்ற சுவடுகள் வானிற் கோணிக்கிடப்பதன் காரணம் நெடுநாள் விளங்காதிருந்தது. 1960இல் கனடா நாட்டு ஹைன்ஸ் என்பார் அதனை இவ்வலைகளின் செயலென விளக்கினார்.

இவ்வலைக்குத் தமிழிற் பெயரிடுவார் சிலர் ‘ஈர்ப்பலை’ என்கின்றனர். கருந்துளைகள் மோதியதால் எழுந்து, 2015இல் முதன்முதல் உணரப்பெற்ற அலைக்கும் அதுவே பெயராய் வழங்குகின்றது. இரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இன்று. மிதத்தலும் ஆழ்தலுமாகிய இயல்பு நோக்கி இதனை ‘மிதப்பலை’ என்றல் நன்று. தமிழ் பயில்வார்க்கு இவ்வளவு உரிமை உண்டென நம்புகின்றேன்.

இனி, இவ்வலைகளால் ஆவது யாது? துருவத்துக் கோடையிலே ஞாயிறு மறைவதே இல்லை. அக்காலத்து அங்கே மேல்வானம் வெம்மையுற்றிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். உண்மையோ நேர்மாறானது. ஏறத்தாழ 85 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே ஏறக்குறைய 130 பாகை செல்சியஸ் அளவிற்கு இறங்கிவிடுகின்றது. நிலவுலகைச் சூழ்ந்த காற்றில் இதனினும் குளிர்ந்த இடம் பிறிதில்லை. ஞாயிறே காணாத குளிர்காலத்திலோ அவ்வுயரம் இதனினும் ஐம்பது பாகைக்கு மேல் வெம்மையுடையது! காரணம் மிதப்பலைகளே. அவை அவ்வுயரத்தில் உடைந்து, தாம் சுமந்துவந்த உந்தத்தை அங்குள்ள காற்றிற்கு அளிக்கின்றன. அதனாற் கோடைத் துருவத்திற் காற்று மேலெழுந்து விரிந்து குளிர்கின்றது. குளிர்காலத் துருவத்தில் கீழிறங்கி அழுத்துண்டு வெம்மையுறுகின்றது. ஞாயிற்றின் ஆணையையும் மாற்றவல்ல இவ்வலைகளுள் பல மிகச் சிறியன. தட்பவெப்பத்தைக் கணிக்கும் கணிப்பொறி மாதிரிகளின் கண்ணியில் அகப்படாமல் நழுவுவன. ஆகவே கணிப்போர் அவற்றின் விளைவைத் தோராயமாய்ப் புகுத்துகின்றனர். அத்தோராயம் பிழைபடின் துருவக் காற்றோட்டமும், அதனைச் சார்ந்த ஓசோன் கணக்கும் பிழைபடும்.

தரையினின்று நோக்கல் நேற்றுத் தோன்றியதன்று. 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தபின் உலகெங்கும் அந்திவானம் புதுநிறம் பூண்டது. சென்னையிலும் அவ்வாண்டு செப்டம்பரிற் பச்சை ஞாயிறு தோன்றிற்று. கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராயிருந்த மிச்சி ஸ்மித் அதனை ஆராய்ந்து எழுதினார். அந்திவானை உற்றுநோக்கும் வழக்கம் அவ்வாறு பரவியிருந்தபோதே, 1885இல் வடபுலத்துக் கோடை இரவுகளில் ஒளிரும் மெல்லிய முகில்கள் கண்டறியப்பட்டன. பெர்லினில் யெஸ்ஸே என்பார் அவற்றை ஒளிப்படமெடுத்து, வெவ்வேறிடங்களினின்று எடுத்த படங்களை ஒப்பிட்டு, அவற்றின் உயரம் ஏறத்தாழ 82 கிலோமீட்டர் என அளந்தார். துருவக் கோடையின் கடுங்குளிரில் உறைந்த பனித்துகள்களே அம்முகில்கள். அவற்றின்மேல் மணற்றிட்டின் வரிகள் போலக் காணப்படுவன மிதப்பலைகளே.

இன்றோ கருவிகள் பல. எரிமீன் சுவட்டை ராடார் பின்தொடர்ந்து காற்றின் விரைவை உரைக்கின்றது. எரிமீன்கள் எரிந்து விட்டுச்சென்ற சோடியம், இரும்பு அணுக்களை லேசர் ஒளிக்கற்றை தூண்டி, அவை திருப்பியனுப்பும் ஒளியால் வெப்பநிலையை அறிவிக்கின்றது. அண்டார்க்டிக்கில் ஜப்பானியரின் சியோவா நிலையத்தில் 1045 அலைவாங்கிகளைப் பனியிடை நாட்டி அமைத்த ‘பான்சி’ ராடார் 2011இல் நோக்கத் தொடங்கிற்று. மக்மர்டோவில் 2010ஆம் ஆண்டு இறுதிமுதல் லேசர் கொண்டு நோக்கிய கொலராடோப் பல்கலைக்கழகத்தார், மூன்று முதல் பத்து மணி நேரத்திற்கொருமுறை ஏறியிறங்கும் அலைகள் அவ்விடத்து மேல்வானில் ஓய்வின்றி நிலவுகின்றன என்று கண்டனர்.

பத்து மணிநேர அலையை அறிய வேண்டின், ஓரிடத்தில் அதற்கு மேலும் அமர்ந்து நோக்குதல் வேண்டுமன்றோ? விண்கலம் ஓரிடத்தைச் சில நிமிடங்களிற் கடந்து போகின்றது. 2001இல் ஏவப்பெற்ற டைமெட் விண்கலத்தின் ‘சேபர்’ கருவி ஒருபாலே நோக்குவதாகையால், ஏறத்தாழ அறுபது நாட்களுக்கொருமுறை விண்கலம் முகந்திருப்பினாலன்றி மற்றைத் துருவத்தைக் காணாது. 2023இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கு அனுப்பப்பெற்ற அலைநோக்குங் கருவியோ, அந்நிலையம் 52 பாகைக்கு அப்பாற் செல்லாமையால், துருவத்தின் தலைமேல் நிற்றல் இயலாது. முகில் ஆராய்ச்சிக்கென 2007இற் சென்ற ‘எய்ம்’ 2023இற் செயலற்றது.

எனினும், மறுபக்கத்தார் கூறும் ஒன்று மெய்யே. தரைநிலையம் தன் தலைக்கு மேலுள்ள ஒரு தூணளவு வானத்தையே காணும். தென்துருவத்திலோ நிலையங்கள் நெடுந்தொலைவு இடைவிட்டுள்ளன. அதற்கு மருந்து, உள்ள நிலையங்களை மூடுதலன்று; இணைத்தலே. 2011 முதல் பலநாட்டு அண்டார்க்டிக் நிலையத்தார் தம் நோக்கல்களை ஒன்றுசேர்க்க முயன்றமை அறிவுடைமை.

வேறொரு பயனும் உண்டு. ஆஸ்திரேலியரின் டேவிஸ் நிலையத்தார் 1995 முதல் ஆண்டுதோறும் குளிர்கால இரவுகளில், 87 கிலோமீட்டர் உயரத்தில் இயல்பாகத் தோன்றும் மங்கிய ஒளியை அளந்துவந்தனர். ஞாயிற்றின் பதினோராண்டுச் சுழற்சியைக் கழித்துப் பார்த்தபின், அங்கே பத்தாண்டிற்கு ஒரு பாகைக்குச் சற்று மேலாக வெப்பம் குறைந்துவருதல் புலப்பட்டது. கீழ்வானை வெம்மையாக்கும் கரியமிலவாயு மேல்வானைக் குளிர்விக்கின்றது. இருபதாண்டுக்கு மேல் ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்தாலன்றி இது தெரியவந்திராது.

ஆதலின், செலவு குறைத்தே தீரவேண்டும் என்னும் நாடுகள் புதிய கட்டிடங்களைத் தள்ளிவைக்கட்டும். கோடையில் வந்துசெல்வாரின் தொகையைச் சுருக்கட்டும். குளிர்கால நோக்கலை மட்டும் நிறுத்தலாகாது. வானத்தின் மங்கிய ஒளி இருளிலன்றிப் புலப்படாது. மலைமோதிய காற்றின் அலைகள் மிகவோங்கி மேலேறுவதும் அக்காலத்தேதான்.