பக்தியுள்ள வீடும் திருநர் பிள்ளையும்: ஆலோசனை வீண் என்னும் வாதத்துக்கு மறுப்பு

சாமி பக்தி மிகுந்த குடும்பம் தன் வீட்டுத் திருநங்கையையோ திருநம்பியையோ ஒருநாளும் ஏற்காது, அங்கே குடும்ப ஆலோசனை வீண் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. பக்தர்களும் இதைச் சொல்கிறார்கள், பக்தியை வெறுப்பவர்களும் சொல்கிறார்கள். தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை போன்ற மலையாளிப் பழங்குடி ஊர் என்றால் இன்னும் அடித்துச் சொல்வார்கள்.

மதமே தடை என்பது அவர்களின் முதல் வாதம். இதில் பாதி உண்மை. சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கெய்ட்லின் ரயன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, மத ஈடுபாடு மிகுந்த குடும்பங்களில் ஏற்பு குறைவாக இருப்பதைக் காட்டியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே குழு 2012இல் மார்மன் கிறித்தவக் குடும்பங்களுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. நம்பிக்கையைக் கைவிடச் சொல்லாமல், குடும்பம் பிரியக்கூடாது என்ற அவர்களின் நம்பிக்கையையே அது துணைக்கு அழைத்தது. இந்த அணுகுமுறையில், வேதம் சொல்வது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் ஆலோசகர் இறங்குவதில்லை. வீட்டில் அன்றாடம் நடப்பதைத்தான் கேட்கிறார்: முடியை வலுக்கட்டாயமாக வெட்டினீர்களா, சொந்தக்காரர்கள் வரும்போது அறைக்குள் பூட்டினீர்களா, சாப்பிடும்போது தனியே உட்கார வைக்கிறீர்களா, குறி கேட்டுத் தாயத்து கட்டினீர்களா? பெற்றோர் பெரும்பாலும் இவற்றைப் பாசத்தால்தான் செய்கிறார்கள். பிள்ளை ஊரோடு ஒத்துப்போனால் பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம். அந்தப் பாசம் உண்டாக்கும் காயத்தை ரயனின் 2009 ஆய்வு அளந்தது. பதின்ம வயதில் வீட்டாரால் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்களிடம் தற்கொலை முயற்சி, ஒதுக்குதல் இல்லாத அல்லது குறைவான வீட்டில் வளர்ந்தவர்களைவிட 8.4 மடங்கு அதிகம். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் தன்பால், இருபால் ஈர்ப்புள்ள இளைஞர்கள். என்றாலும் ஒதுக்கும் வீடு என்ன செய்யும் என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

இதற்கு நேர்மாறான வாதமும் உண்டு: கூவாகத்தில் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் பண்பாடு இது, திருச்செங்கோட்டில் அர்த்தநாரியை வணங்கும் நாடு இது, இங்கே ஆலோசனை எதற்கு? ஆனால் கோயிலில் கும்பிடும் கை வீட்டில் அடிக்க ஓங்குவதைத் திருநர்கள் அனுபவத்தில் அறிவார்கள். அந்தத் தெய்வங்கள் பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவுதான்.

ஆலோசனை என்றால் பிள்ளையை மாற்றுவது என்ற நினைப்புத்தான் மிக ஆபத்தானது. சேலத்தில் பிறந்து, 2017இல் தருமபுரியில் உதவி ஆய்வாளராகப் பணியேற்ற திருநங்கை பிரித்திகா யாசினியையும் வீட்டார் முதலில் மருத்துவர், சோதிடர், கோயில் என்றுதான் அழைத்துப் போனார்கள். எதுவும் அவரை மாற்றவில்லை, அவர் வீட்டை விட்டுத்தான் போனார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் பால் அடையாள மாறுபாடு மனநோய்களின் வரிசையில் இல்லை. மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையைத் தடைசெய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைக் குற்றம் என்றது.

உயர்நீதிமன்றம் அந்த உத்தரவைப் பிறப்பித்த வழக்கு ஒருபால் இணை ஒன்றைப் பற்றியது என்றாலும் இங்கே இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இரு பெண்களையும் அவர்களின் பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார், பிறகு தாமும் போய் உட்கார்ந்தார். பெற்றோரின் கவலை ஊரார் பேச்சு, குடும்பத்துக்கு வரும் பழி, வாரிசு, மகள்களின் பாதுகாப்பு ஆகியவற்றைச் சுற்றியே இருந்ததாக ஆலோசகர் அறிக்கை அளித்தார். சாமி குத்தம் என்ற பேச்சுக்கு அடியிலும் பல வீடுகளில் இருப்பது இதே அச்சம்தான். ஓரிரு அமர்வுகளில் அந்தப் பெற்றோர் மாறிவிடவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. அச்சம் கரைய மாதங்கள் ஆகும்.

மலையில் இதெல்லாம் நடக்காது என்பது கடைசி வாதம். தடை உண்டு, ஆனால் அது பக்தியால் வருவதன்று. காப்பித் தோட்டத்தையும் ராகிக் காட்டையும் விட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் தருமபுரி அரசு மருத்துவமனைக்குப் போய்வந்தால் அன்றைய கூலி போய்விடும். சுற்றிலும் சொந்தக்காரர்களே வாழும் ஊரில் ரகசியமும் நிற்காது. அதனால் தாய் தகப்பனோடு மட்டும் பேசிப் பயனில்லை. பங்காளிகளும் ஊர்ப் பெரியவரும் பேச்சில் சேர வேண்டும், அதுவும் பிள்ளை சம்மதித்த பிறகே. 14416 என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண்ணில் வீட்டிலிருந்தே தமிழில் பேச்சைத் தொடங்கலாம். ஊர்த் திருவிழாவில் அந்தப் பிள்ளையும் குடும்பத்தோடு நின்று கும்பிட இடம் கேட்பது, அங்கே ஆலோசகர் முன்வைக்கக்கூடிய முதல் கோரிக்கைகளில் ஒன்று.